நீலக்குருவிக்கு வந்த இருமல்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நான் சமையல் செய்கிற ஆபீஸின் வேலை பறவைகளைக் காப்பாற்றுவது. அந்த ஆபீஸின் பால்கனியில் புறா உட்காரக்கூடாது என்று வலை கட்டியிருக்கிறார்கள். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குச் சுலபம்.

வலை கட்டியதைக் குறை சொல்லவில்லை. புறா அசிங்கம் பண்ணும், கம்ப்யூட்டர் மேல் இறகு விழும். ஆனால் சுவரெல்லாம் பறவைப் படம் மாட்டி, வாசலில் பறவை போட்ட மிதியடி விரித்து உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள், எதிர்வீட்டு மதில் மேல் இருக்கிற காக்காயை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். சுலபமாகக் கண்ணில் படுகிற பறவைக்கு அங்கே மதிப்பில்லை. எட்டாத மலையில், புதருக்கு அடியில், யாருக்கும் முகம் காட்டாமல் இருந்தால்தான் மரியாதை. திங்கட்கிழமை காலையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் என்ன பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று ஆரம்பிப்பார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்ப்பது போலத்தான் இருக்கும்.

நான் அடுகோடியிலிருந்து பஸ் மாறி வருகிறவள். காபி, டிபன், மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. பாத்திரம் தேய்க்க வேறு ஆள் உண்டு என்று சேரும்போது சொன்னார்கள். அந்த ஆளும் நான்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பேச வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் மூலையைத் தேடிப் போய்விடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம், இனிமேல் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்பது. யாராவது ஒரு வேலை சொன்னால், முடியாது என்று வாய்விட்டுச் சொல்வதைவிட அந்த வேலையைச் செய்துவிடுவது எனக்கு எளிது. எழுபதை நெருங்கும்போது மலையேறப் போனதும் அப்படித்தான்.

அந்த ஆபீஸுக்குத் தலைவர் ஒரு சார். என் வயதுதான் இருக்கும். மல்லேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். தாத்தா மகாராஜா காலத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்பதை யாரும் கேட்காமலே சொல்வார். பறவைகளைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதியிருக்கிறார். அவரிடம் ஒரு இருமல் உண்டு. முதலில் இரண்டு சின்ன இருமல், அப்புறம் ஒரு பெரிய இருமல், கடைசியில் ஒரு செருமல். தெருமுனையில் அது கேட்டதும் ஆபீஸில் எல்லாரும் போனைக் கீழே வைத்துவிட்டு வேலை செய்ய ஆரம்பிப்பார்கள்.

மேற்கே ஒரு மலை. அதில் ஒரு சரிவு முழுக்க யாரும் கை வைக்காத காடு. பஸ் போய் நிற்கிற கடைசி ஊரிலிருந்து ஜீப், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து நடை. அந்தச் சரிவை வெட்டி ரோடு போட்டு, மேலே ரிசார்ட் கட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. அரசாங்கத்தில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத அபூர்வமான ஏதாவது அங்கே வசிக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்கள் ஆபீஸைக் கேட்டது. இருந்தால் காடு தப்பிக்கும். இல்லாவிட்டால் ரோடு வரும். விஷயம் இவ்வளவுதான்.

பார்க்கும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தது. விவேக் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டிப் படிக்க வைத்தார். படிக்கிற காலத்திலிருந்தே அந்தச் சரிவுக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தவள். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். ரோடு போட அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று சாப்பிட உட்கார்ந்தவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். என்னை ஆயா என்று கூப்பிடுவாள்.

அபூர்வம் என்று அவள் நம்பியிருந்தது ஒரு குருவியை. இங்கிலீஷில் அதற்கு நீளமாக ஒரு பெயர், என் வாயில் நுழையாது. நீலமாக இருக்கும் என்றார்கள், நான் நீலக்குருவி என்று வைத்துக்கொண்டேன். அவள் அத்தனை வருஷம் போய் ஒரே ஒரு தடவை, அதுவும் பனிமூட்டத்தில், பார்த்த மாதிரி இருந்ததாம். கமிட்டிக்குப் பார்த்த மாதிரி இருந்தது என்று எழுத முடியுமா? அதனால் முறையாகத் தேடக் கிளம்பினார்கள். வழக்கமாகக் கூடப் போகிற சமையல்காரர் அட்டைக்கடிக்குப் பயந்து கழன்றுகொண்டார். சார் சமையலறை வாசலில் வந்து நின்று, "நீங்க போய்ட்டு வாங்கோ. மலைக்காத்து உடம்புக்கு நல்லது. வெறும் சாம்பார், ரசம், அவ்வளவுதானே?" என்றார். மலைக்காற்று அவ்வளவு நல்லதென்றால் நீங்கள் ஏன் இங்கே இருமிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டேன்.

சிவப்புப் புடவை கூடாது, குருவி பயப்படும் என்றாள் அந்தப் பெண். என்னிடம் இருந்தது எல்லாம் யார் யாரோ வைத்துக்கொடுத்த புடவைகள். வைத்துக்கொடுப்பவர்கள் எந்த ஊரில் மண் கலரில் வாங்குகிறார்கள்? தேடிப்பிடித்து ஒரு சாம்பல் கலர் எடுத்துக்கொண்டேன். அவர்கள் எல்லாரும் மண்ணும் இலையும் கலந்த நிறத்தில் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒளிந்துகொண்டு ஜீப்பில் ஏறினதும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்த சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும்.

மலையில் காட்டு வாட்சர்களுக்கென்று ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது. அதில்தான் தங்கினோம். குக்கர் வைக்கக்கூடாது என்றார்கள். அதன் விசிலும் குருவியின் விசிலும் கலந்துவிடுமாம். அத்தனை உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமே தவிர அரிசி வேகாது. அந்த அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, காட்டில் சாப்பிடுகிற ருசியே தனி என்றார்கள். நான் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

தேடுகிற முறையைச் சொல்ல வேண்டும். சும்மா போய்ப் பார்ப்பதில்லை. கையடக்கமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதில் அந்தக் குருவியின் குரலைப் பதிந்து வைத்திருப்பார்கள். காட்டில் போய் அதைச் சத்தமாகப் போடுவார்கள். தன் இடத்துக்கு வேறு எவனோ வந்துவிட்டான் என்று நினைத்து உள்ளூர்க் குருவி ஆத்திரத்தில் பதில் குரல் கொடுக்கும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, இது என் வீடு வெளியே வா என்று கத்தி, உள்ளே இருப்பவன் கோபத்தோடு எட்டிப் பார்த்ததும், சரி ஆள் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவது. குருவிக்கு இவர்கள் செய்கிற சேவையின் முதல் படி இது.

பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் ஒரு வாட்சரும். அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி. அதற்குத் தலைமை ஒரு இளைஞர். கழுத்தில் எப்போதும் உலக்கை கனத்துக்கு ஒரு கேமரா தொங்கும். லென்ஸ்காரர் என்றே நான் மனசுக்குள் வைத்திருந்தேன். இரண்டு ஜோடிக்கும் ஒரே மாதிரிப் பெட்டி, உள்ளே ஒரே குரல். விடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெட்டியைப் போட வேண்டும், ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும், அதன்பின் இரண்டு பக்கமும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். ஏற்பாடு சரியான ஏற்பாடுதான்.

லென்ஸ்காரர் கிளம்புகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அட்டைக்குப் பயந்து முட்டி வரை துணி உறை. அதற்குள் மூக்குப்பொடி தூவுவது. அதன் மேல் பூட்ஸ். பிறகு ஏதோ களிம்பு. பிறகு உறைக்குள் ஒரு அட்டை ஏற்கெனவே புகுந்துவிட்ட மாதிரி சந்தேகம் வந்து எல்லாவற்றையும் அவிழ்ப்பது. மாப்பிள்ளை அழைப்பில் கூட இவ்வளவு நேரம் ஆகாது. அதனால் தினமும் அவர் பெட்டி கொஞ்சம் தாமதமாகவே பாடியது. அந்தப் பெண் பெட்டியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிற நேரம் பார்த்து, எதிர்ச்சரிவில் அவர் பெட்டி ஆரம்பிக்கும். அவர் வாய்மூடிக் காத்திருக்கும்போது இவள் அடுத்த இடத்தில் பெட்டியைப் போட்டிருப்பாள்.

இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. முதல் நாள் காலையில் இரண்டு பக்கமும் ஆனந்தம். நானும் அடுப்படியில் இருந்து கேட்டேன். இந்தப் பக்கம் ஒரு விசில், கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கம் ஒரு விசில். அத்தனை பெரிய காட்டில், பனியில், ஒன்றை ஒன்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டேன். நான் கும்பிட்டது ஒரு பிளாஸ்டிக் பெட்டியை.

அந்தப் பெண் சரிவில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "இருக்கு ஆயா. சாமி சத்தியமா இருக்கு. இனிமே எவனும் தொட முடியாது" என்றாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டு நானும் அழுதேன்.

சாயங்காலம் இரண்டு ஜோடியும் சந்தித்தபோது ஒரு சண்டை நடந்தது. குருவி உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்றாள் இவள். இல்லை, உங்கள் பக்கம் என்றார் அவர். உன் காலடியில் கத்துகிறது, உனக்குக் கேட்கவில்லையா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"மச்சா, நீ மொதல்ல ஒரு காது டாக்டரைப் பாரு. அத்தினி கிட்டக்க கூவுது, கேக்கலன்றியே" என்றாள் இவள்.

"நீ பாரு. உன் தலைக்கு மேலதான் கூவிச்சு. நான் ரெக்கார்டே பண்ணியிருக்கேன்."

இரண்டு பேரும் பதிவு செய்திருந்தார்கள். அப்பளம் பொரிக்கிற வாணலி மாதிரி குழிந்த ஒரு தட்டை வைத்து, தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுத்துப் பதிகிற கருவி அவர்களிடம் இருந்தது. கடைசியில் சமாதானமாகி, குருவி ஒன்றல்ல, இரண்டு பக்கமும் உண்டு என்று முடிவு செய்தார்கள். சந்தோஷத்தில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு எப்போதும் கூடித்தான் வரும்.

பெங்களூர் திரும்பினதும் பேப்பரில் பெரிதாக வந்தது. சார் முகம், பக்கத்தில் நீலக்குருவி. அந்தப் படம் வேறு ஏதோ ஊரில் எடுத்தது, ஆனால் எங்கள் மலையில் எடுத்த மாதிரிதான் போட்டிருந்தார்கள். ஆபீஸில் கேக் வெட்டினார்கள். குருவி மாதிரியே செய்த கேக். சார் கத்தியைக் கழுத்தில் வைத்து ஆரம்பித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வால் பக்கம் ஒரு துண்டு கிடைத்தது. அன்று முழுக்க அந்த ஆபீஸில் பேசினவர்கள் எல்லாருக்கும் நாக்கு நீலமாக இருந்தது.

கமிட்டிக்கு அறிக்கையோடு குரல் பதிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைச் சுத்தம் பண்ண அந்தப் பெண் பின்னறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காபி கொண்டுபோனேன். மாலை டீ கொண்டுபோனபோது காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள்.

குருவியின் விசில் கேட்டது. மேலே போய், வளைந்து, கீழே இறங்கி முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. அது முடிந்ததும், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, சன்னமாக இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், ஒரு செருமல்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொல்ல மாட்டேனா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"சாருக்கு அப்பவே நெஞ்சுல சளி இருந்திருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. பெட்டிக்குள் இருந்த குரலைப் பல வருஷம் முன்னால் வேறொரு மலையில் பதிவு செய்தவர் சார்தான். குருவி கத்தி முடிக்கிற வரை அடக்கி வைத்து, முடிந்ததும் இருமியிருக்கிறார். காட்டு இரைச்சலில் யார் காதிலும் விழாத அது, சத்தத்தைக் கூட்டிச் சுத்தம் பண்ணினபோதுதான் வெளியே வந்திருக்கிறது. லென்ஸ்காரரின் பதிவை எடுத்துப் போட்டாள். அங்கேயும் குருவி இருமியது. நாட்டிலேயே முதல் முறையாக, ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும், மல்லேஸ்வரத்துக் குடும்ப இருமலோடு நீலக்குருவிகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன.

மறுநாள் அவள் சாரிடம் சொன்னாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு, பலகாரத் தட்டு நீட்டுவதற்கு. அது திறந்திருந்தது. முதலில் அது தன் இருமலே இல்லை என்றார் சார். காட்டில் மான் கூட அப்படிச் சத்தம் போடும் என்றார். அவள் மறுபடி போட்டுக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் இருமினால் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். அடக்கினார். கழுத்து நரம்பு புடைத்து முகம் தக்காளி மாதிரி ஆனது. கடைசியில் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமினார். வெளியே வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"அந்தக் கடைசித் துண்டை வெட்டிடு. கிளீனா இருக்கும்" என்றார்.

"சார், வெட்டினாலும் அது பெட்டிதானே சார். குருவி இல்லையே."

"குருவி அங்க இருக்கு. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நாம கேட்டது அது இல்லேங்கறதாலே குருவி இல்லேன்னு ஆயிடுமா? காடு பொழைக்கணுமா வேண்டாமா, நீயே சொல்லு."

அவள் எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டாள். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தாள். எனக்கு அன்றைக்குச் சார் சொன்னதுதான் சரி என்று பட்டது, அதை மறைப்பானேன். உலகத்தில் எத்தனையோ பொய்யால் எத்தனையோ காடு போகிறது. ஒரு பொய்யால் ஒரு காடு நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். நானாக ஒருவருக்கு யோசனை சொன்னது அபூர்வம்.

"விட்டுடும்மா. காடு இருந்துட்டுப் போவட்டும்."

"அவனுங்களும் அதே ரெக்கார்டைக் கேப்பானுங்க ஆயா. ரோடு கம்பெனிக்காரனுக்குக் காது இல்லையா? கோர்ட்ல போட்டுக் காமிப்பான். அப்பறம் இந்த மலை இல்ல, எந்த மலைக்குப் போயி நாங்க எது இருக்குன்னு சொன்னாலும் இருமிக் காட்டி அனுப்பிடுவான்." வெங்காயச் சருகைக் கிள்ளிக்கொண்டே, "அதுக்குன்னு மட்டும் இல்ல. எனக்கே தெரியாது ஆயா அது அங்க இருக்கான்னு. தெரியாததைத் தெரியும்னு எப்பிடி எழுதறது?" என்றாள்.

நான் வெங்காயம் உரித்தேன். அவளும் ஒன்றை எடுத்து உரித்தாள். அதனால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்ததற்கு யாரும் காரணம் கேட்க வேண்டியதாக இல்லை.

அன்று சாயங்காலமே கமிட்டிக்கு எழுதிவிட்டாள். நாங்கள் கேட்டது எங்கள் பெட்டியைத்தான், குருவி இருப்பதற்கு இப்போது எங்களிடம் சாட்சி இல்லை என்று. ஆபீஸில் யாரும் அவளோடு பேசவில்லை. லென்ஸ்காரர் தன் கண்டுபிடிப்பை ஊர் முழுக்கப் போனில் அனுப்பியிருந்தவர், கொஞ்ச நாள் சாப்பாட்டுக்கு வெளியே போனார். சார் ஆபீஸுக்கு வந்தால் இருமுவதையே நிறுத்திவிட்டார். அவருக்குள் அது படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கமிட்டி பதில் போட்டது. அடுத்த கூட்டத்துக்குள் குருவியைக் கண்ணால் பார்த்து, படம் எடுத்துக் காட்டினால் யோசிப்போம். இல்லாவிட்டால் ரோட்டுக்கு அனுமதி. ஜீப் எல்லாம் இனி தர முடியாது என்றார் சார். அவள் அரசு பஸ்ஸில் கிளம்பினாள். கூட வருகிறேன் என்று நானே சொன்னேன். அவளை விடவும் எனக்குத்தான் அது ஆச்சரியமாக இருந்தது.

இந்தத் தடவை பெட்டி இல்லை. சிவப்புப் புடவை கூடாது என்று அவளும் சொல்லவில்லை. அதே ஓட்டுக் கட்டடம், அதே வாட்சர். கோடை மழை ஆரம்பித்திருந்தது. விடிவதற்கு முன் போய் ஏதாவது ஒரு இடத்தில் உட்கார வேண்டும். வெளிச்சம் போகும் வரை அங்கேயே. பேசக்கூடாது, அசையக்கூடாது. சமையல் முடிந்ததும் நானும் போய் உட்காருவேன். வாய் திறக்காமல் இருப்பதை என் வாழ்நாளில் ஒரு தகுதியாக நினைத்தது அந்த மலையில்தான். அட்டை என் காலிலும் ஏறியது. ரத்தம் குடித்து உருண்டு தானாக விழுந்தது. உலகத்தில் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு தானாக விட்டுப் போகிற பிராணி அது ஒன்றுதான் என்று தோன்றியது.

நாள் போய்க்கொண்டே இருந்தது. குருவி இல்லை. அவள் தினமும் இன்னும் கொஞ்சம் மெலிந்தாள். ஓடை ஓரம் உட்கார்ந்தோம், பாறை ஓரம் உட்கார்ந்தோம். ஒரு நாள் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல், ரோட்டுக்காரர்கள் மண் பார்ப்பதற்காக மிஷினால் வெட்டிவிட்டுப் போயிருந்த ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றோம். வெட்டின மண் சுவரில் வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அந்த இடத்தைப் பார்க்கவே பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அப்படித் திரும்பினதில் பார்த்துவிட்டாள். என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். ஒரு எலுமிச்சம்பழம் பெரிதாகி இறகு முளைத்த மாதிரி இருந்தது. நீலம் என்றார்களே, மழையில் அது ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. பறக்கக்கூட இல்லை. பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் மாதிரி தரையில் குடுகுடுவென்று ஓடியது. வாயில் ஒரு புழு. மண் சுவரில் வேருக்கு நடுவில் ஒரு பொந்து, அதற்குள் நுழைந்தது. உள்ளே கீச்கீச் என்று கேட்டது. காட்டை அழிக்க வந்தவன் தோண்டின குழியில்தான் அது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு எங்கள் சாரையும் தெரியாது, ரோடு கம்பெனியையும் தெரியாது.

அவள் படம் எடுத்தாள். அவசரத்தில் முதலில் எடுத்ததெல்லாம் மண்ணும் வேரும்தான். பிறகு குருவி வந்தது. இந்த முறை அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், "இருக்கு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

பொய்க் குருவிக்குப் பாதிப் பக்கம் கொடுத்த பேப்பர், நிஜக் குருவிக்கு ஜோசியத்துக்குக் கீழே நாலு வரி கொடுத்தது. கமிட்டிக்கும் சந்தேகம். வெளியூரிலிருந்து ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் போய்ப் பார்த்து, பொந்தும் குஞ்சும் உண்மைதான் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் ஆபீஸில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கேசரிபாத் என் கையால்தான். சார் பேசினார். தப்பு நடந்தால் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்வதுதான் நம்முடைய ஆபீஸின் பழக்கம், இளைஞர்களுக்கு நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுப்பது அதைத்தான் என்றார். நல்ல பேச்சு. பேசி முடித்து நிம்மதியாக, வெகு நாளைக்குப் பிறகு, முழுசாக இருமினார். அந்தப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேசரிபாத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கமிட்டியின் ஆர்டரை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். குஞ்சுகள் பறந்து போகும் வரை அந்தச் சரிவில் எந்த வேலையும் கூடாது. அப்புறம் என்றேன். அடுத்த வருஷமும் அங்கே குருவி கூடு கட்டியிருக்கிறது என்று நேரில் பார்த்துப் படத்தோடு தெரிவித்தால், அந்த வருஷமும் கூடாது. தெரிவிக்காவிட்டால் ரோட்டு ஃபைலை மறுபடி எடுப்பார்கள்.

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் போன பிறகு வருகிற பென்ஷனுக்காக நானும் வருஷா வருஷம் நவம்பரில் பேங்குக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிறேன். கவுண்டரில் இருக்கிற பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பாட்டி, விரல் பதிய மாட்டேங்குது, மிஷின் ஒத்துக்கலை என்பாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டது. துடைத்து, ஊதி, இந்த விரல், அந்த விரல் என்று வைத்து ஏதோ ஒன்றில் நான் சாகவில்லை என்பது மிஷினுக்குத் தெரியவரும். குருவியையும் இப்போது அந்த வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அதுவாக வந்து விரல் வைக்காது என்பதால் அதற்குப் பதிலாக அவள் போய் மழையில் உட்கார வேண்டும்.

இந்த வருஷம் கோடை மழை இன்னும் பிடிக்கவில்லை. பிடித்ததும் கிளம்ப வேண்டும். போன வருஷத்துக் குருவி உயிரோடு இருக்கிறதோ என்னவோ. இருந்தாலும் அதே இடத்துக்கு வருமோ வராதோ, வந்தாலும் எங்களுக்கு முகம் காட்டுமோ காட்டாதோ. காட்டாவிட்டால், காட்டவில்லை என்றுதான் அவள் எழுதிக் கொடுப்பாள். அதுதான் எனக்கு இருக்கிற ஒரே பயம்.